கிணற்றடிக்குப் போக ஒரு பிஸ்கற் மூடி

சேசு மரி சூசை துணை

மன்னார்த் தீவு,
1937 ஆடி 14, புதன் பின்னேரம்.

என்மேல் நிறைந்த அன்பும் என் சமையல்மேல் நிறைந்த சந்தேகமும் கொண்ட அருமை அம்மாவுக்கு,

மூத்த மகள் செலீனா முழந்தாளில் நின்று எழுதிக்கொள்வது. பக்தியால் அல்ல. மேசையிலும் கதிரையிலும் அப்பா தன் தாள்களை விரித்து வைத்திருக்கிறார், எனக்கு மிஞ்சியது குந்துகிற மரவாங்கு மட்டும்தான். சர்வேசுரனுடைய தயவால் இவ்விடம் நாங்கள் ஐந்து பேரும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் பேனைக்கு மனம் வரவில்லை. சின்னம்மாவும் பிள்ளையும் நலமென்று வண்டிக்கார முஹைதீன் காக்கா சொன்னார், சந்தோசம். "ஒரு கிழமையில வந்திடுவன் பிள்ளை" என்று சொல்லிவிட்டுச் சின்னம்மாவின் பிள்ளைப்பேற்றுக்கு உயிலங்குளம் போனீர்கள். அந்தக் கிழமைக்கு இன்றோடு பன்னிரண்டு நாள். சின்னம்மாவின் பிள்ளைகூட இந்த வேகத்தில் வளர்ந்திருக்காது.

முதலில் தலைபோகிற விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தரம் பிந்திவிட்டேன். திங்கள் ஒன்று, இன்று ஒன்று. கொன்வென்ற் பெரிய மதர் என்னை முன்னால் நிறுத்தி, "செலீனா, மூன்றாம் தரம் பிந்தினால் யூனியர் பரீட்சைப் பட்டியலில் உன் பெயர் இராது" என்று சொல்லிவிட்டார். பட்டியல் வெள்ளிக்கிழமை தபாலில் போகிறது. ஆகவே எனக்கு இன்னும் இரண்டு காலைகள் மிச்சம். பெயர் போகாவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அதைச் சொன்னதே நீங்கள்தான்: "சோதினை எடுக்கிறதெண்டால் பள்ளிக்கூடம் போ, இல்லாட்டி வீட்டோட நில்." அம்மா, இந்த வீட்டோடு நிற்பதா? பன்னிரண்டு நாள் நின்றதிலேயே எனக்கு நரை தெரிகிறது.

எப்படிப் பிந்தினேன் என்று கேட்பீர்கள். சோம்பல் என்று நினைக்க வேண்டாம். நான் பிந்தியது ஒழுங்கினால். நீங்கள் போன முதல் கிழமை நான் உங்கள் முறைப்படியே வீட்டை நடத்தினேன், அதாவது கத்தினேன். யாகப்பரை எழுப்பக் கத்தினேன், மாக்கிறட்டைச் சீப்பால் தலை இழுக்கக் கத்தினேன், சின்னவன் அந்திறாசைக் கிணற்றடியிலிருந்து திரும்பி வரக் கத்தினேன். தொண்டை கட்டினாலும் நால்வரும் நேரத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தோம். போன ஞாயிறு அப்பாவுக்கு றெயில்வேயில் ஓய்வுநாள். பூசை முடிந்து வந்து, நாங்கள் சீப்புக்கு அடிபடுவதைக் கதவடியில் நின்று பார்த்தார். "இது வீடா, இல்லாட்டிக் கோச்சி தடம்புரண்ட இடமா?" என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்ப நீங்களே ஓட்டிப் பாருங்கோ" என்று சொன்னேன். என் வாயாலேயே என் வாழ்வுக்குச் சிவப்புக் கொடி காட்டினேன்.

அன்று பின்னேரமே நேரசூசி சுவரில் ஏறிவிட்டது. எங்கள் நால்வரையும் அப்பா நான்கு கோச்சியாக்கிவிட்டார். நான் மெயில் கோச்சி, இடையில் எங்கும் நிற்கக் கூடாது. யாகப்பர் சாமான் கோச்சி, ஏனென்றால் அவன் எதையாவது தூக்கிக்கொண்டு போய் எங்கேயாவது நின்றுவிடுவான். மாக்கிறட் எல்லா ஸ்ரேசனிலும் நின்று கதைத்துவிட்டுப் போகிற சாதாரண வண்டி. ஆறு வயது அந்திறாசு இன்னும் பரீட்சார்த்த ஓட்டத்தில் இருக்கிறான். எழும்புவது ஐந்து பத்து, முகம் கழுவுவது ஐந்து பதினேழு. ஐந்து பதினேழா, ஐந்து இருபதென்றால் என்ன குறையும் என்று கேட்டதற்கு, "மூண்டு நிமிசத்தில ஒரு கோச்சி ரெண்டு மைல் போகும் பிள்ளை" என்றார். செபத்துக்கு நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்துக்குள் அடக்க வேண்டி நாங்கள் விசுவாச மந்திரத்தை ஓட்டுகிற ஓட்டத்தில், போஞ்சு பிலாத்து எந்த இடத்தில் ஏறி எந்த இடத்தில் இறங்கினார் என்று யாருக்கும் தெரியாது.

இதுவரை பொறுக்கலாம். பொறுக்க முடியாதது இனித்தான். எங்கள் வீட்டுக் குசினிக் கதவிலிருந்து கிணற்றடிக்கும் அதற்கு அப்பால் உள்ள அவசரமான இடத்துக்கும் போகிற பாதை உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் ஓலைவேலி, நடுவில் ஒரு ஆள் போகலாம். எத்தனை வருடமாக நாங்கள் அதில் இடிபட்டு, கால் மிதிபட்டு, சிரித்துக்கொண்டு போய் வந்தோம்! அப்பாவின் கண்ணுக்கு அது ஒற்றைத் தண்டவாளம். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு கோச்சி முட்டாமல் இருக்க அவர் ஸ்ரேசனில் என்ன செய்கிறார்? ஒரு பித்தளைத் தகட்டை வளையத்தில் போட்டுக் கொடுக்கிறார். அந்தத் தகடு எந்தச் சாரதியின் கையில் இருக்கிறதோ அவன்தான் போகலாம், மற்றவன் எவ்வளவு அவசரமென்றாலும் நிற்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. அம்மா, அவர் பிஸ்கற் ரின் மூடிக்குச் சிவப்பு மை பூசி, பிரம்பு வளையம் கட்டி, குசினிக் கதவில் தொங்கவிட்டார். மூடி கையில் உள்ளவர் மட்டும் கிணற்றடிக்குப் போகலாம். மூடி திரும்பி வந்து அப்பா விசில் ஊதிய பிறகுதான் அடுத்தவர்.

திங்கட்கிழமை காலை முதல் ஓட்டம் அந்திறாசு. மூடியோடு போனான், மூடியில்லாமல் வந்தான். "எங்கையடா மூடி?" "கிணத்துக்க." "ஏன்ரா போட்டனீ?" "போடேல்லை. அது போச்சு." நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தேன். அப்பா கதவில் கையைக் குறுக்கே வைத்தார். தகடு துலைந்தால் லைன் மூட வேண்டுமாம். அதன்பிறகு ஒவ்வொரு கோச்சிக்கும் எழுத்தில் அனுமதி கொடுக்க வேண்டுமாம். எழுதினார், அம்மா! மூன்று பேருக்கும் தனித்தனியே, நேரம் போட்டு, கையொப்பம் வைத்து, 'குசினி தொடக்கம் கிணற்றடி வரை செல்லலாம், மெதுவாகச் செல்லவும்' என்று. எழுதியதை அவரவர் உரத்து வாசித்துக் காட்ட வேண்டும். மாக்கிறட் எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்கக் காகம் கத்தி ஓய்ந்துவிட்டது. அவசரமாக நின்ற யாகப்பர் ஒற்றைக் காலில் நின்று வாசித்தான். எனக்கு இளைய மூன்று பேரும் இங்கேயே அருகில் படிப்பவர்கள், ஓடிப் போய்விட்டார்கள். நகரத்துக் கொன்வென்றுக்கு இரண்டு மைல் நடக்கிறவள் நான் ஒருத்திதானே? முதலாம் பிந்தல்.

அன்று பின்னேரம் பாதாளக்கரண்டி போட்டு மூடியை எடுத்தோம். செவ்வாய்க்கிழமை யாகப்பர் மூடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்க் கிணற்றடியில் இருபத்தைந்து நிமிடம் இருந்தான். நான் இங்கிருந்து, "டேய் சாமான் கோச்சி, வாடா!" என்று கத்த, அவன் அங்கிருந்து, "மூடி என்னட்ட, லைன் என்ர" என்கிறான். பன்னிரண்டு வயதிலேயே பெயருக்குப் பின்னால் 'அர்' இருப்பதால் தன்னை ஒரு பெரிய மனுசர் என்று நினைப்பு. அன்று தலை இழுக்காமலே ஓடி, கடைசி மணிக்கு உள்ளே விழுந்தேன். என் பின்னலைப் பார்த்த பெரிய மதர், "வழியில் கழுதை ஏதும் துரத்தியதா?" என்று அக்கறையாகக் கேட்டார். கழுதை வீட்டில்தான் இருக்கிறது என்று சொல்லவில்லை.

இனி எழுதப்போவதை அம்மா தனியே இருந்து வாசிக்கவும், சின்னம்மாவுக்கு உரத்து வாசிக்க வேண்டாம். செவ்வாய்ப் பின்னேரம் நான் பக்கத்து வீட்டுக் கைருன்னிசா ராத்தாவிடம் போனேன். அவவிடமும் அதே பிஸ்கற் ரின் இருக்கிறது, தையல் நூல் போட்டு வைத்திருக்கிறா. மூடியை இரவல் வாங்கினேன். அப்பா மிச்சம் வைத்த சிவப்பு மையும், ஒரு பிரம்புத் துண்டும், என் கைத்திறனும் சேர்ந்து இரண்டாவது மூடி பிறந்தது. அம்மா, அதை நீங்கள் பார்க்க வேண்டும்! எது அசல், எது நகல் என்று செய்த எனக்கே தெரியவில்லை. பகிடிக்கென்று தொடங்கினேன், ஆனால் முடிக்கும்போது பகிடி இல்லை, பள்ளிக்கூடத்துக்கு நேரத்துக்குப் போக வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான். ஒற்றைத் தண்டவாளத்தை இரட்டையாக்கினேன், அவ்வளவுதானே? அதில் என்ன பாவம்?

பாவம் இன்று காலை ஆறு நாற்பதுக்குத் தெரிந்தது. நான் நகல் மூடியோடு அப்பா காணாமல் போய்க் குளித்து, நேரம் மிச்சம் பிடித்த சந்தோசப் புளுகில் நின்றபோது, ராத்தா நல்ல தண்ணீர் அள்ளக் குடத்தோடு வந்தா. அவ வழக்கமாக வேலியில் ஆள் நுழையுமளவு விட்ட பொட்டால் வந்து அள்ளிக்கொண்டு போகிறவ, இந்த நேரசூசி வந்த நாளிலிருந்து குசினி வழியாகத்தான் போய்வர வேண்டுமென்று அப்பாவின் கட்டளை, ஆனால் இன்று பழக்கத்தில் பொட்டாலேயே வந்துவிட்டா. "புள்ள, தண்ணி அள்ளவும் டிக்கட் வேணுமாமே உங்கட ஊட்டுல?" என்று கேட்டா. "வேணும் ராத்தா, இந்தாங்கோ" என்று என் மூடியை அவவின் கையில் மாட்டிவிட்டு, வேலிப் பொட்டால் புகுந்து, அவவின் முற்றத்தால் சுற்றி வீட்டுக்குள் வந்துவிட்டேன். அந்த நேரம் அப்பா பாதி முகம் வழித்து, மற்றப் பாதியில் சவுக்கார நுரையோடு, கதவில் தொங்கிய அசல் மூடியை எடுத்துக்கொண்டு இறங்கினார். மூடி கையில் இருந்தால் லைனில் வேறு எதுவும் இல்லை. அவர் முன்னுக்குப் பார்க்கவே இல்லை. மற்றக் கையில் இருந்த முகக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நடந்தார். இருபத்திரண்டு வருட நம்பிக்கை, அம்மா. அந்தப் பக்கத்திலிருந்து ராத்தா நிறைகுடத்தோடு வந்தா.

சத்தம் அடுத்த ஊரான தாராபுரம் வரை கேட்டிருக்கும். குடம் அப்பாவின் காலில் விழுந்து நூறு துண்டு. நுரை முழுவதும் ராத்தாவின் முக்காட்டில். "அல்லாஹ்வே! பேதுரண்ணே, கண்ணு தெரியாதா உங்களுக்கு?" "கைருன்னிசா, நீ எப்பிடி இதுக்க வந்தனீ? மூடி என்ர கையிலயெல்லோ இருக்கு!" "அப்ப இது என்னவாம்? தோசச் சட்டியா?" என்று அவவும் மூடியைத் தூக்கிக் காட்டினா. அப்பா ஒரு மூடியைப் பார்த்தார், மற்ற மூடியைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. முகம் வெளிறிவிட்டது. குடமுடைந்த தண்ணீருக்குள் அப்படியே குந்தி இருந்து, "ரெண்டு தகடு... ஒரு லைனுக்கு ரெண்டு தகடு" என்று இரண்டு தரம் சொன்னார்.

பிறகு விசாரணை. கோச்சி முட்டினால் விசாரணை முடியும் வரை சம்பந்தப்பட்டவர்கள் இடத்தை விட்டு நகரக் கூடாது. ஏழு மணி தொடக்கம் ஏழு முக்கால் வரை, பாதி முகத்தோடு வாக்குமூலம் எழுதினார். ராத்தா சொன்னது: "புள்ள தந்திச்சு, நான் வாங்கினேன், உங்கட ஊட்டுச் சட்டம் எனக்கென்ன தெரியும்?" மாக்கிறட் சொன்னது ஒன்றரைத் தாள், அதில் மோதலைப் பற்றி ஒரு வரி. நான் சொன்னது: "மூடி கிணத்துக் கட்டில கிடந்தது." அம்மா, அது பொய் என்று சொல்ல முடியாது. நான்தான் அதைக் கிணற்றுக் கட்டில் வைத்தேன், ஆகவே கிடந்தது. யார் செய்தது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 'காரணம் அறியப்படவில்லை' என்று எழுதிக் கையொப்பம் வைத்தார். அவர் வைத்த நேரம் ஏழு நாற்பத்தெட்டு. நான் கொன்வென்ற் வாசலுக்குப் போன நேரம் எட்டு இருபது. இரண்டாம் பிந்தல். என் பகிடி என் காலிலேயே விழுந்து உடைந்தது.

ஆகவே அம்மா, நான் கெஞ்சிக் கேட்பது இதுதான். நாளை பின்னேரம் முஹைதீன் காக்கா கருவாடு ஏற்றிக்கொண்டு உயிலங்குளம் வருவார். அவரிடம்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவர் அன்றே நெல் ஏற்றிக்கொண்டு திரும்புகிறார், நீங்கள் அந்த வண்டியிலேயே ஏறி வாங்கோ. நாளைக் காலையை நான் எப்படியாவது சமாளிக்கிறேன். வெள்ளிக்கிழமைக் காலை நீங்கள் குசினிக் கதவில் நின்று கத்த வேண்டும். உங்கள் கத்தலுக்கு எந்த மூடியும் தேவையில்லை. சின்னம்மாவிடம் சொல்லுங்கோ, அவவுக்கு ஒரு பிள்ளை, உங்களுக்கு இங்கே அப்பாவோடு சேர்த்து ஐந்து என்று.

சின்னம்மாவுக்கு என் அன்பு, புதுப் பிள்ளைக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், சித்தப்பாவுக்கு மரியாதை. மாதாவின் கையில் உங்களை ஒப்படைத்து, உங்கள் கையை முத்தமிட்டு ஆசீர்வாதம் கேட்கிற,

பட்டியலில் பெயர் உள்ளவளோ இல்லாதவளோ என்று தெரியாத
உங்கள் மகள்
செலீனா

பி.கு.: வியாழன், மத்தியானம், பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடி.

அம்மா, வர வேண்டாம். மேலே உள்ள எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். கடிதத்தைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன், ஆனால் இவ்வளவு தாளும் வீணாகும்.

இன்று காலை அப்பாவுக்கு விடியற்கடமை. தலைமன்னாரிலிருந்து வர வேண்டிய சாமான் கோச்சி பிந்தியதால் வீட்டுக்கு வர முடியாமல் ஸ்ரேசனில் அகப்பட்டுக்கொண்டார். இங்கே மூன்று பேரும் கதவடியில் வரிசையாக இருக்கிறார்கள், அசைகிறார்கள் இல்லை. "விசில் ஊதேல்லை அக்கா" என்கிறான் அந்திறாசு. நான் விரலை வாயில் வைத்து ஊதினேன். "அது அப்பான்ர இல்லை" என்கிறாள் மாக்கிறட். நான்கு நாளில் அப்பா அவ்வளவு நன்றாகப் பழக்கிவிட்டார். அவர்களைக் கெஞ்சி, இழுத்து, சாப்பாடு கொடுத்து, அனுப்பிவிட்டுப் பார்த்தால் ஏழரை தாண்டிவிட்டது. நடந்தால் பிந்துவேன், ஓடினாலும் பிந்துவேன். அழுதுகொண்டு ஸ்ரேசனுக்குப் போனேன்.

அப்பா என் முகத்தையும் சுவர் மணிக்கூட்டையும் பார்த்தார். நேரே ஸ்ரேசன் மாஸ்ரர் பரமநாதன் ஐயாவிடம் போனார். "ஐயா, சாமான் வர இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கு. மன்னார்ப் பக்கம் லைன் சும்மா கிடக்கு. தள்ளுவண்டிக்குத் தகடு தாங்கோ." "என்ன அலுவலுக்கு எண்டு எழுத?" "பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்." "பேதுரு, அப்பிடிப் புத்தகத்தில எழுதேலாது." "அப்ப தண்டவாளம் பாக்க எண்டு எழுதுங்கோ. நான் பாத்துக்கொண்டு போறன்."

பார்த்துக்கொண்டே போனார், அம்மா! நான் தள்ளுவண்டியில் புத்தகங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறேன், அவர் பின்னால் தள்ளி ஓடி ஏறுகிறார், காற்று முகத்தில் அடிக்கிறது, திடீரென்று பிரேக் போடுகிறார். தண்டவாளத்தில் ஒரு மர ஆப்பு தளர்ந்திருக்கிறதாம். இறங்கிச் சுத்தியலால் நாலு அடி. "அப்பா, மணி!" "புத்தகத்தில எழுதிப்போட்டம் பிள்ளை." மறுபடி ஓட்டம், மறுபடி ஒரு ஆப்பு. "நீ வலப்பக்கம் பார், நான் இடப்பக்கம் பாக்கிறன்" என்றார். நகரத்துத் தேவாலயம் தெரியத் தொடங்கிய இடத்தில் வலப்பக்கத்தில் ஒரு ஆப்பு பாதி வெளியே நின்றது. அவர் காணவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்கும் தெரியாது, பெயரும் தப்பும். ஆனால் அந்தத் தண்டவாளத்தின்மேல் ஒரு மணித்தியாலத்துக்குள் சாமான் கோச்சி போகும்.

"அப்பா, அங்கை ஒண்டு" என்றேன்.

அவர் அடித்துக்கொண்டு இருக்கும்போதே, எனக்கு என்ன வந்ததோ, "அந்த ரெண்டாவது மூடி நான் செய்தது" என்றும் சொல்லிவிட்டேன். சுத்தியல் நின்றது. "மை நல்லாப் பிடிச்சிருக்கு" என்றார். இன்னும் ஒரு அடி அடித்தார். "இனிச் செய்யாத பிள்ளை. ஆக்கள் சாவினம்." அவ்வளவுதான். பிறகு வண்டியைத் தள்ளிய தள்ளலில் என் நாடா பறந்துவிட்டது.

கொன்வென்ற் வாசலுக்குள் நான் கால் வைக்க மணி அடிக்கத் தொடங்கியது. பெரிய மதர் பட்டியலை ஒரு நாள் முந்தியே எழுதி முடிக்க மேசை போட்டு இருந்தார். என் கையைப் பார்த்து, "இது என்ன கறுப்பு?" என்றார். "தண்டவாளம், மதர்." அவர் பேனையைத் தோய்த்து ஏழாவதாக என் பெயரை எழுதினார். மை காயும் வரை நான் நகரவில்லை.

ஆகவே நீங்கள் அவசரப்பட வேண்டாம், சின்னம்மாவோடு ஆறுதலாக இருங்கோ. உண்மையைச் சொன்னால் இப்போது வந்தால் அப்பாவுக்கு இடைஞ்சல். காலையில் தள்ளுவண்டியில் போகும்போது, "அம்மா காலமை எழும்பி முதல் என்ன செய்யிறவ?" என்று கேட்டார். அடுப்பு மூட்டுவா என்றேன். "அதோட?" அதோடு யாகப்பரை எழுப்புவா, அதோடு மாவைக் குழைப்பா, அதோடு அந்திறாசுக்கு மூக்குச் சீறுவா, அதோடு உங்களுக்குத் தேத்தண்ணி என்று நான் சொல்லச் சொல்ல, அவர் தள்ளுவதை விட்டுவிட்டு யோசிக்கத் தொடங்கிவிட்டார். நேற்றிலிருந்து மேசையிலும் கதிரையிலும் விரித்து வைத்திருக்கும் தாள்களில் உங்களுக்கு ஒரு நேரசூசிதான் எழுதிக்கொண்டிருக்கிறாராம். மூன்றாம் தாளும் முடிந்துவிட்டதாம். இன்னும் காலை ஐந்து இருபதில்தான் நிற்கிறாராம்.